செல்வத்துரையர் இழுத்த தடி

புத்தூர் ரோட்டுத் தேவாலயத்துக் குழல் ஓர்கன் சீமையிலிருந்து கப்பலில் வந்தது. வாங்கிக் கொடுத்தவர் செல்வத்துரையரின் பாட்டனார். இதை அவர் ஒருவரையும் மறக்க விட்டதில்லை. செத்தவீட்டுக்குப் போனாலும் பிரேதத்தின் தலைமாட்டில் நின்று அந்தக் கப்பலில்தான் கதையைத் தொடங்குவார்.

சண்டைக் காலத்தில் ஊருக்குக் கரண்ட் நின்றதும் ஓர்கனுக்குக் காற்று ஊதும் மோட்டரும் நின்றது. பழையபடி ஒருவர் பின்னால் நின்று மரத்தடியை மேலும் கீழும் இழுத்துத் துருத்தியை ஊத வேண்டும். கோயில் வேலை பார்த்த சிமியோன் ஊதினான். பாட்டனார் காலத்தில் அதே தடியை இழுத்தவர் சிமியோனின் பாட்டன்.

செல்வத்துரையரின் மகள் றோஸுக்குக் கலியாணம் நெருங்கிய நேரம், ஓர்கனுக்கு நூறு வயது, சுவரில் கல் பதிக்கவேண்டும் என்று கோயில் கமிற்றியில் பேச்சு வந்தது.

"ஐயா, அந்தக் கல்லிலை எங்கடை பாட்டன்ரை பேரையும் ஒரு ஓரத்திலை போடுங்கோவன்," என்றான் சிமியோன்.

"காத்தடிச்சவனுக்கும் கல்லோ? அப்ப சைக்கிள் கடைக்காரனுக்குச் சிலைதான் வைக்கோணும்," என்றார் செல்வத்துரையர்.

கமிற்றி விழுந்து விழுந்து சிரித்தது. சிமியோன் எழும்பிப் போய்விட்டான்.

றோஸ் தாயில்லாப் பிள்ளை. ஓர்கன் முழங்க, நல்லூர்ச் சம்பந்தி பார்த்திருக்க, தகப்பன்தான் அவள் கையைப் பிடித்துக் கோயில் நடுவழியே பீடம்வரை கூட்டிப்போக வேண்டும். அதற்காக அந்த மனுசன் முற்றத்தில் தனியே நடந்துகூடப் பழகினார்.

கலியாணத்தன்று சிமியோன் வெள்ளை வேட்டியும் மடிப்புக் குலையாத சேட்டுமாக வந்து, வாசலோரக் கடைசி வாங்கில் அமர்ந்தான்.

"டேய், உங்கை என்ன செய்யிறாய்?" என்றார் செல்வத்துரையர்.

"கலியாணத்துக்கு வந்தனான் ஐயா. நீங்கள்தானே அழைப்புக் காட் தந்தனீங்கள்."

வேறு வழியில்லாமல் செல்வத்துரையரின் தங்கை மகன் ஒருவன் போட்ட கோட்டோடு தடியைப் பிடித்தான். ஓர்கன் வயிற்றோட்டம் பிடித்த ஆடு மாதிரிக் கத்தியது. வாசித்த ஐரிஸ் மிஸ் கையை எடுத்துவிட்டா.

"ஒழுங்காக் காத்து வராட்டி நான் வாசிக்கமாட்டன். எனக்கும் மானம் இருக்கு."

சம்பந்தி மெல்லத் திரும்பினார். "உது பாடுமோ, இல்லாட்டி பாக்கிறதுக்கு மட்டுமோ?"

செல்வத்துரையருக்குச் சுர்ரென்று ஏறியது. கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓர்கனுக்குப் பின்னால் பாய்ந்து தடியைப் பறித்தார். சின்ன வயதில் களவாய் இழுத்துப் பழகிய கை. காற்றுச் சீராய்ப் போக, ஓர்கன் முழங்கியது. கோயிலே எழும்பி நின்றது. சம்பந்தி திறந்த வாயை மூடவில்லை. செல்வத்துரையருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அப்போதுதான் குழல்களின் இடுக்கால் வாசலைப் பார்த்தார். பூச்செண்டும் கையுமாக றோஸ் தனியே நின்றாள். தகப்பனைத் தேடி அங்குமிங்கும் பார்த்தாள். பிறகு ஓர்கனைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாத அப்பாவா? பக்கத்து வாங்குக்குக் குனிந்து ஏதோ கேட்டாள். சிமியோன் முதலில் தலையாட்டி மறுத்தான். பிறகு எழும்பி, சேட்டை இழுத்துவிட்டு, அவள் கையைப் பிடித்தான்.

இருவரும் நடுவழியே நடந்து வந்தார்கள். செல்வத்துரையர் வாய்விட்டு அழுதார். அழுதுகொண்டே இழுத்தார். கையை விட்டால் ஓர்கன் நின்றுவிடும்; பாட்டனாரும் நின்றுவிடுவார்.