பார்க்காதவளின் பக்கத்து நாற்காலி

1

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மூக்குக் கண்ணாடியில் காதுப்பக்கக் கம்பி கழன்றுவிட்டது. மாட்டித் தரச் சொல்லி ஒரு கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்றவர், “கருநிலாப் படைல தளபதி போட்டிருப்பாரே, அதே வட்டக் கண்ணாடி வேணும்” என்றார். உள்ளறையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த பெண் தலையை நீட்டி, “அவரோட பவர் சீட்டு கொண்டு வந்திருக்கீங்களா?” என்று கேட்டாள்.

கடை முழுக்கச் சிரிப்பு. அதில் என்னுடையதும் ஒன்று.

அந்தச் சிரிப்பு கலப்படச் சரக்கு. தளபதி சினிமாவில் வருகிறவர் என்பது அவளுக்குத் தெரியவில்லை; நானும் ‘கருநிலாப் படை’ படம் பார்த்ததில்லை. வாடிக்கையாளர் கேட்பது என்னவென்றே புரியாவிட்டாலும் “நேத்துதான் தீர்ந்துச்சு” என்று சொல்லத் தெரிந்த குடும்பத்தில் வளர்ந்தவன் நான். தெரியாது என்ற வார்த்தையை எங்கள் கடைகளில் யாரும் வாங்கிப்போட்டதில்லை. அவளோ அதை நடுக்கடையில் இறக்கிவைத்துவிட்டு, அடுத்த லென்ஸை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தத் துணிச்சலைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கம் ஒன்று: அவளுக்கு வயது முப்பத்து நான்கு. உலகமே பார்த்த ஒன்றை அவள் மட்டும்

(வேண்டாம். ‘உலகமே’ என்று ஆரம்பித்தால் பற்பசை விளம்பரம் போலிருக்கிறது.)

தொடக்கம் இரண்டு: மெஷினில் சுழன்ற லென்ஸின் மேல் நீர் வழிந்தது, அவள் கண்ணிலும்

(ஐயையோ. அவள் அழுகிற ஆளே இல்லை.)

தொடக்கம் மூன்று: மறுநாள் காலை அவள் வேலைக்கு வந்தபோது, அவளுடைய ஸ்டூலில் மெத்தை போட்டிருந்தது.

இது தேவலை. மெத்தை ஏன் வந்தது என்று உங்களுக்கும் கேட்கத் தோன்றும்.

3

மெத்தையைப் போட்டவர் கண் பரிசோதிப்பவர். நாற்பது வயது, இரண்டு பிள்ளைகளின் தகப்பன்; ஆனாலும் கடையில் எல்லாப் பெண்களும் அவருக்கு அக்காதான். வந்தவர்களை எழுத்துப் பலகை முன் உட்காரவைத்து “இப்ப தெளிவா, முன்னாடி தெளிவா?” என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, வீட்டில் சாப்பாட்டுக்கும் அதையே கேட்பவர்.

“அக்கா, நிஜமாவே ஒரு பார்ட்டுகூட பார்த்ததில்லையா?”

“இல்லங்க.”

“டிவில போறப்போ? பஸ்ல?”

“தூங்கிடுவேன்.”

அவர் முகத்தில் முதலில் இரக்கம் வந்தது; பட்டினி கிடப்பவரைப் பார்ப்பதுபோல. அது மெல்லக் கரைந்து வேறொன்றாக ஆனது. பொறாமை.

“கொடுத்துவச்சவங்க அக்கா நீங்க. அந்த மூணாவது பார்ட்டை இன்னொரு தடவை ‘முதல் தடவையா’ பார்க்க நான் என்ன வேணா கொடுப்பேன். எனக்கு இனிமே அது கிடைக்காது. நீங்க பார்க்கறப்போ பக்கத்துல உட்கார்ந்துக்கறேன். படத்தைக்கூட பார்க்க மாட்டேன், உங்க முகத்தை மட்டும் பார்க்கறேன்.”

“என் முகத்துல என்ன இருக்கு?”

“தளபதி செத்துட்டாருன்னு நினைச்சப்போ அவரு…”

மேனேஜரம்மா ஓடிவந்து அவர் வாயைப் பொத்தினார். ஐம்பத்தைந்து வயது அம்மையார், பூட்டிய அலமாரிபோல நடப்பவர். “பாவி, அவ இன்னும் பார்க்கல! முழுசா இருக்கறதை உடைக்கறியே!”

அன்றிலிருந்து கடையே அவளுடைய தெரியாமைக்குக் காவல் நின்றது. படத்தைப் பற்றி வாயெடுத்த வாடிக்கையாளர்களை ஜாடை காட்டி அடக்கினார்கள். பரிசோதிப்பவர் தன் சனிக்கிழமை விடுப்பை அவளுக்குத் தர முன்வந்தார். மேனேஜரம்மா ஜன்னலோர மேசையைத் தருவதாகச் சொன்னார். “சோபா எங்க வீட்டுலதான் பெருசு” என்று அதற்குமேல் ஒரு கொசுறு. எல்லாம் எதற்கு? அவள் பக்கத்து நாற்காலிக்கு.

பெட்டி உடையாத சரக்கின் மதிப்பு எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சுமந்துகொண்டு திரிகிறவளுக்கே மதிப்பு தெரியாமல், கடையே சேர்ந்து விலை ஏற்றியதை நான் எந்தச் சந்தையிலும் பார்த்ததில்லை.*

* படத்தில் என்னதான் நடக்கிறது என்று இந்த இடத்தில் நாலு வரி வரவேண்டும். என்னிடம் சரக்கில்லை. நேற்றுதான் தீர்ந்தது.

4

ஒரு சந்தேகம். இருபத்திரண்டு வருஷமாக, பன்னிரண்டு பாகமாக, பள்ளிப் பையிலும் தண்ணீர் பாட்டிலிலும் பல் துலக்கும் பிரஷிலும் வந்துகொண்டிருக்கும் ஒன்றிலிருந்து ஒருத்தி எப்படித் தப்பிப்பாள்?

வசதியில்லை என்று எழுதலாம். நீங்கள் உச்சுக்கொட்டுவீர்கள், எனக்குப் பிடிக்காது. கொள்கை என்று எழுதலாம். கொள்கைக்காரர்கள் மற்றவர்களிடம் அதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள், இவள் சொன்னதே இல்லை. ஆகவே மிச்சமிருப்பது உண்மைக் காரணம்: வீம்பு.

முதல் பாகம் வந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது, அண்ணனுக்குப் பதினாறு. கூட்டிப்போகிறேன் என்று ஒரு மாதம் ஆசைகாட்டினான். அவள் நல்ல சட்டை போட்டுத் தலைவாரி வாசலில் நின்றாள். அவன் கையிலிருந்த இரண்டு டிக்கெட்டில் ஒன்றைச் சிநேகிதனுக்குக் கொடுத்துவிட்டு, பின்பக்கமாக நழுவிவிட்டான். திரும்பி வந்தவனிடம் அவள் சொன்னது ஒரே வரி: “இனி ஜென்மத்துக்கும் பார்க்க மாட்டேன்.”

பன்னிரண்டு வயதில் இப்படி நாமெல்லாம் ஏதோ சொல்லியிருப்போம். இவள் சொன்னதைக் காப்பாற்றிவிட்டாள்.

அண்ணனும் லேசுப்பட்டவன் அல்ல. அடுத்த பாகம் வருவதற்குள் விடுதிக்குப் படிக்கப் போய்விட்டான்; ஒவ்வொரு புதுப் பாகம் வரும்போதும் போன் செய்வான்.

“வர்றியா?”

“வரல.”

“சரி, சாப்ட்டியா?”

அந்த மூன்றாவது வரியிலிருந்துதான் பேச்சு ஆரம்பிக்கும். அவன் வேலை மாறியது, அவளுடைய கல்யாணம் நின்றுபோனது, அப்பாவின் கடைசி நாட்கள், எல்லாமே அந்த மூன்றாவது வரிக்குப் பின்னால் வந்தவை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, பத்து முறை. நடுவில் ஒருவரையொருவர் கூப்பிட இரண்டு பேருக்குமே சாக்கு அகப்படவில்லை.

5

வெள்ளிக்கிழமை பன்னிரண்டாம் பாகம் வருகிறது. அதுதான் கடைசி என்று ஊரெங்கும் ஒட்டியிருக்கிறார்கள். இன்று புதன். அண்ணன் கூப்பிடவில்லை.

கதை நிற்பது இங்கேதான். படம் பார்ப்பாளா மாட்டாளா என்பது பரிசோதிப்பவரின் கவலை. அவளுடைய கவலை வேறு: ‘வரல’ என்று சொல்ல அவள் தயாராக இருக்கிறாள், கேட்கத்தான் ஆளில்லை.

புதன் மதியம் மெஷினில் ஒரு லென்ஸைக் கூடுதலாகத் தேய்த்துவிட்டாள். ஃப்ரேமில் வைத்தால் கடகடவென ஆடியது. பதினோரு வருஷத்தில் இது முதல் தப்பு.

“பேசாம என்கூட பார்த்துடுங்கக்கா” என்றார் பரிசோதிப்பவர். “வாரா வாரம் என் சனிக்கிழமை லீவு உங்களுக்கு. என்ன சொல்றீங்க?”

அவள் “சரி” என்று

6

அந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. முடிவுகளை விரித்துக் காட்டுகிறேன், பாருங்கள்.

முடிவு அ: பரிசோதிப்பவர் வீட்டில் பார்க்கிறாள். பத்தாவது நிமிஷம் தூங்கிவிடுகிறாள். அவர் இரண்டு மணிநேரம் தூங்குகிற முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். (எனக்குப் பிடித்தது. ஆனால் அண்ணன் எங்கே?)

முடிவு ஆ: அவளே கூப்பிடுகிறாள். அண்ணன் தழுதழுத்த குரலில், “நீ வராததால நானும் அன்னிலேர்ந்து ஒரு பார்ட்கூட பார்க்கலம்மா” என்கிறான். (தித்திப்பு ஜாஸ்தி. உங்களில் சர்க்கரை உள்ளவர்கள் இருப்பீர்கள். தவிர, பொய். அவன் எல்லாவற்றையும் மும்மூன்று தடவை பார்த்திருக்கிறான்.)

முடிவு இ: எனக்கு இஷ்டமில்லாமல் வந்தது. என்னைக் கேட்காமல் அவள் அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டாள்.

7

எடுத்தது அண்ணி. “அப்பாடா, நீயா! ஒரு வாரமா உங்கண்ணன் போனைக் கையில எடுக்கறாரு, துடைக்கறாரு, வைக்கறாரு. இந்தாங்க, நீங்களே பேசிக்கோங்க.”

போன் கைமாறியது.

“ஏன் கூப்பிடல?” என்றாள்.

“கூப்பிட்டா வரலன்னுதானே சொல்லுவ.”

“ஆமா. அதுக்கென்ன?”

“இது கடைசி பார்ட். அப்புறம் எதை வச்சு நான் உனக்கு போன் பண்றது?”

அவள் வாயில் ஒரு பதில் இருந்தது. அதைப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தாள்.

“மொத்தம் எத்தனை பார்ட்?”

“பன்னெண்டு. ஏன்?”

“எனக்குப் பன்னெண்டும் பாக்கி.”

அவன் அவசரமாக, எங்கே அவள் மனசு மாறிவிடுமோ என்று, “ஞாயித்துக்கிழமை வா. முதல்ல இருந்து போடறேன். வாரத்துக்கு ஒண்ணு.”

“வாரத்துக்கு ஒண்ணா? மூணு மாசத்துல எல்லாத்தையும் தீர்த்துட்டு, அப்புறம் மறுபடி போனைத் துடைச்சுக்கிட்டு உட்காரணுமா? வருஷத்துக்கு ஒண்ணு.”

“வருஷத்துக்கு ஒண்ணுன்னா மீதி முன்னூத்தி அறுபத்து நாலு நாள் என்ன பண்றது?”

“அதை நீ யோசி.”

“முடிக்கறப்ப எனக்கு அம்பது வயசு. முதல் பார்ட் மறந்துடும்.”

“மறந்தா மறுபடி முதல்ல இருந்து பார்க்கலாம்.”

“மாசத்துக்கு ஒண்ணு. அதுக்கு மேல என்னால இறங்க முடியாது.”

“ஆறு மாசத்துக்கு ஒண்ணு. பக்கத்து நாற்காலி உனக்குத்தான். ஆனா என் முகத்தை உத்துப் பார்க்கக் கூடாது.”

“அதெப்படி? அதைப் பார்க்கத்தானே இருபது வருஷமா கேக்கறேன்!”

“அப்ப எட்டு மாசம்.”

உள்ளிருந்து அண்ணியின் குரல்: “யாராவது ஒருத்தர் இறங்குங்களேன், சாப்பாடு ஆறுது!”

இறங்கவில்லை. பேரம் எனக்குப் புதிதல்ல. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே பொருளைக் கேட்டு இப்படி இழுத்த பேரத்தில் நடுவில் நின்று முடித்துவைக்க எனக்குத் தெரியவில்லை. மூன்று மாதம் என்று எழுதிப் பார்த்தேன். இருவரும் சேர்ந்து என்னை முறைத்தார்கள். எண்ணை நீங்களே சொல்லுங்கள், வாசகரே. மாதத்துக்கும் வருஷத்துக்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் வையுங்கள். ஆனால் ஒன்று: சீக்கிரம் படிந்துவிடாதீர்கள். அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.