பச்சையென்டா பாங்கு

நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கணினியில் கைவைக்கச் சொல்லி றினாஸை யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. கல்முனையில் கணினி திருத்தும் கடை வைத்திருப்பவனுக்கு, அது மெதுவாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பின்னேர அஸர் தொழுகை முடிந்ததும் உட்கார்ந்து, தேவையற்றவை என்று கணினி காட்டிய மென்பொருள் பொதிகளை வாசித்தும் பாராமல் அழித்தான்.

பிறகு தொழுகை நேரம் காட்டும் புரோகிராமைத் திறந்தான். நேரம் சரி. ஆனால் சிவப்பாக இருக்க வேண்டிய திரை பச்சையாகக் கிடந்தது. அந்த நிறங்களைத் தீட்டிய தீம், அழிந்த பொதிகளில் ஒன்றை நம்பி இருந்திருக்கிறது. அது போனதும் கணினியின் சொந்தப் பச்சை வந்து ஒட்டிக்கொண்டது. "நிறம்தானே, நோன்பு திறந்துட்டுப் பாப்பம்" என்று எழும்பிப் போய்விட்டான்.

மடையன்! தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்லும் மோதினார் கச்சிமுகம்மதுக்கு மைக்கடியிலிருந்து இலக்கம் தெரியாது என்று, "சிவப்பென்டா பொறுங்க காக்கா, பச்சையென்டா பாங்கு சொல்லுங்க" என்று பழக்கியவனே அவன்தான்.

அன்று மழை இருட்டு வேறு. உள்ளே வந்த மோதினார் பச்சையைக் கண்டதும், பிந்திவிட்டோமே என்று பதறி நோன்பு திறக்கும் பாங்கைச் சொன்னார். ஊர் ஈச்சம்பழத்தைக் கடித்தது, கஞ்சியைக் குடித்தது. றினாஸும் பள்ளியில் இருந்து குடித்தான். கோப்பை பாதியானபோதுதான் அடுத்த பள்ளியின் பாங்கு கேட்டது.

"ஊரையே கழா நோன்பு பிடிக்க வெச்சிட்டியளே!" என்று பள்ளித் தலைவர் றஸாக் ஹாஜியார் பாய்ந்தார். நேரத்துக்கு முன் திறந்த நோன்பை இன்னொரு நாள் திரும்பப் பிடிக்க வேண்டும்.

"பச்சையத்தான் ஹாஜியார் கண்ட நான்" என்றார் மோதினார்.

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். நேரம் வந்துவிட்டதால் இப்போது பச்சைதான், இருக்க வேண்டிய பச்சை. இதற்கு யார் சாட்சி சொல்வது? றினாஸுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் நாளைக்குக் கடைக்கு ஒரு குஞ்சும் வராது.

"கண் தெரியாட்டி ஊட்ட இரிங்க. வேற ஆள் பாக்கிறம்" என்றார் ஹாஜியார்.

மோதினார் திரைக்குக் கிட்டப் போனார். ஒரு கண்ணைப் பொத்தித் திரையைப் பார்த்தார். மற்றக் கண்ணையும் பொத்திப் பார்த்தார்.

அந்தி மஃரிப் தொழுகை முடிந்ததும் அவர் றினாஸிடம் வந்தார். "தம்பி, நாளைக்கு என்னைக் கண் டொக்டரிட்டக் கூட்டிப் போறியா? ஊட்டுல சொல்லப் பயமா இரிக்கு."

அதற்கு மேல் தாங்குமா? றினாஸ் நேரே போய் மைக்கைப் போட்டான். "கொம்பியூட்டர்க் கடை றினாஸ் கதைக்கன். கச்சிமுகம்மது காக்காட கண்ணுல ஒரு பழுதுமில்ல. திரையப் பச்சையாக்கினது நான். தெரிஞ்சும் சரிபண்ணாமப் போனதும் நான்தான்."

ஊர் முழுக்கக் கேட்டது. ஹாஜியார் தலையைக் குனிந்துகொண்டார். றினாஸ் திரும்பியபோது மோதினார் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்கள் கலங்கியிருந்தன.

"அப்ப ஏன் தம்பி," என்றார், "நான் கண்ணைப் பொத்திப் பொத்திப் பாக்கக்குள்ள பேசாம நிண்ட நீ?"