இறக்கத்தில் போன கிழக்கு

மத்தியானம் போன மாமனார் பொழுது சாய்ந்தும் வீடு திரும்பவில்லை. இரவெல்லாம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளை இழுத்துப்போட்டுவிட்டு வந்து, அடித்துப்போட்டது போலத் தூங்கிய மருமகள் விழித்ததும் காலி நாற்காலியைத்தான் பார்த்தாள். முடிவெட்டிக்கொள்ள ரயிலில் ஒரு ஸ்டேஷன் தள்ளிப் போயிருக்கிறார், முதல்முறையாகத் தனியே. கூப்பிட்டால் அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. கணவனோ வெளியூர் வேலையில்.

குளிருக்கான கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு ஓடினாள். உண்மையைச் சொன்னால், பயத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. ஒருநாளாவது இந்த மனுஷன் பேச்சுத் தொல்லை இல்லாமல் இருந்ததே என்றுகூட ஒரு நினைப்பு.

அவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாலும் திசை கேட்பார். கேட்டுவிட்டுப் பாடம் எடுப்பார்.

"கிழக்குன்னா சூரியன் வர்ற பக்கம்னுதானேம்மா நினைச்சே? இல்ல. கீழ், அதுலேர்ந்து வந்தது கிழக்கு. நம்ம தமிழ்நாட்டு நிலம் அந்தப் பக்கமாத்தான் சரியுது, தண்ணி அங்கதான் ஓடும். மேல இருக்கிறது மேற்கு."

"சரி மாமா" என்று அவள் பாத்திரம் கழுவுவாள். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்ட பாடம்.

ஸ்டேஷன் வாசலில் நின்றபோதுதான் திக்கென்றது. திரும்பி வர வழி கேட்டவரிடம் அவள்தான் பாதித் தூக்கத்தில் சொன்னாள், ரயிலை விட்டு இறங்கி நேரே கிழக்கே நடங்கள் என்று. ஒரு வாரமாக வானம் மூடிக்கிடக்கிறது, சூரியன் இருக்கும் இடமே தெரியாது. இந்த வெளிநாட்டு ஊரிலோ நிலம் தலைகீழ். கிழக்கே மேட்டில் வீடு, மேற்கே பள்ளத்தில் கடல். எப்போதும் மகன் காரில், இன்று ஸ்டேஷன் வரை பக்கத்து வீட்டுக்காரர் காரில் என்றே போனவருக்கு அது எங்கே தெரியும்? யானைக்கும் அடி சறுக்கும். அளந்தே பிழைத்தவர், கிழக்கு என்ற சொல்லை நம்பி இறக்கத்தில் போயிருப்பார்.

போயிருந்தார். துறைமுக வேலியோரத்து பெஞ்சில், புதிதாக வெட்டிய தலையோடு குளிரில் குறுகி உட்கார்ந்திருந்தார்.

"போனை எடுக்கக் கூடாதா மாமா? உயிரே போச்சு எனக்கு!"

"அடிச்சுதா? பகல்ல யாராவது கூப்பிட்டா நீ முழிச்சுக்குவேன்னு சத்தத்தை எப்பவும் அமுக்கியே வெச்சிருப்பேம்மா."

"நீங்களாவது கூப்பிட்டிருக்கலாமே?"

"எடுத்தேன். அப்பதான் உனக்குக் கண் அசந்திருக்கும். விடிய விடிய நிக்கிற புள்ள. எந்திரிச்சா தானா தேடி வருவேன்னு உக்காந்துட்டேன்."

வரும் வழியில் நினைத்ததை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஏற்றத்தைப் பார்த்தாள். இரண்டு பேர் காலிலும் வலு இல்லை. தன் கழுத்தில் சுற்றியிருந்த கம்பளித் துணியை அவிழ்த்து அவர் தலையைச் சுற்றிக் கட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உனக்கு வேலைக்கு நேரமாகலையாம்மா?"

"ஆகட்டும் மாமா."