கை நுழையாத துளை

பட்டறையில் எல்லோரும் அவரைக் காதுக்காரர் என்றுதான் சொல்வார்கள். பலகையை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, மறுகையால் ஒரு தட்டுத் தட்டி, "இது பாடும், அது அடுப்புக்கு" என்று சொல்லிவிடுவார். மறுபேச்சு கிடையாது. கிட்டார் வாங்க வருகிற ஆட்கள் மரத்தைப் பார்க்க மாட்டார்கள், அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

பட்டறை என்றதும் பெரிய ஆலை என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை. மரத்தை இழைத்து, வளைத்து, ஒட்டுவது அவர். பாலிஷ் போடுவது மனைவி. கம்பி மாட்டுவதும், வருகிறவர்களிடம் வாயடிப்பதும் மனைவியின் தம்பி. வேறு ஆளை உள்ளே விட்டதில்லை. வெளியாள் என்றாலே திருடன் என்பது அவர் கட்சி. உள்ளாளைப் பற்றி மனுஷன் யோசிக்கவில்லை.

அன்றைக்கு டீச்சர் வருவதாக இருந்தது. கிட்டார் சொல்லிக் கொடுக்கிறவள், மேடையிலும் வாசிக்கிறவள். அவளுக்கான கிட்டாரில் சோதனைக்குப் போட்டிருந்த கம்பிகளைக் கழற்றிவிட்டு, மச்சான் புதிதாக முதல் கம்பியை மாட்டி மிச்ச நுனியைக் கத்தரித்தான். அது தெறித்து வட்டத் துளைக்குள் விழுந்தது. நைலான் துண்டுதான், ஆனால் உள்ளே கிடந்தால் சரசரக்கும். காதுக்காரர் சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் எடுத்து உள்ளே தேடினார்.

துண்டு கிடைத்தது. கூடவே வேறொன்றும் கண்ணில் பட்டது.

மேல்பலகையின் அடியில் விசிறி மாதிரி மெல்லிய குச்சிகள் ஒட்டியிருக்கும். பலகையைத் தாங்குவதும் அவைதான், குரலைத் திறப்பதும் அவைதான். அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, தட்டிக் கேட்டு, போதும் என்று காது சொன்ன பிறகே அவர் பெட்டியை மூடுவார். இப்போது அந்தக் குச்சிகள் இளைத்துக் கிடந்தன. மூடின பிறகு துளை வழியாகக் கையை விட்டு யாரோ சீவியிருக்கிறார்கள்.

"மச்சான், இங்க வாடா. இதுக்குள்ள கைய விட்டது யாரு?"

"என் கையா? பிஸ்கட் டப்பாவுல விட்டாலே மாட்டிக்குது மாமா."

"இளிக்காத. எவன்கிட்ட கொடுத்த? எவனுக்குத் தொழிலைக் காட்டிக்கொடுத்த?"

மச்சான் இளிப்பை நிறுத்தினான். அக்காவைப் பார்த்தான். அந்தப் பார்வை போன வழியே காதுக்காரரும் பார்த்தார். அவள் மூலையில் உட்கார்ந்து இடது கையால் பாலிஷ் தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே சீவின தடமெல்லாம் இடது பக்கம் சாய்ந்திருந்தது. சின்னக் கை.

"நான்தான்," என்றாள். தேய்ப்பது நிற்கவில்லை.

"எதுக்கு?"

"முதல் கம்பி செத்துக் கிடந்துச்சு."

"நல்லாத்தானே இருந்துச்சு!"

"உங்களுக்கு இருந்துச்சு. வாசல்ல மணி அடிச்சா நாய் எந்திரிக்குது, நீங்க எந்திரிக்கறதில்லைங்க."

அவர் டார்ச்சை அணைத்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார். "எப்போலேருந்து?"

மச்சான்தான் சொன்னான். "டீச்சர் மேடையில வாசிச்சாங்களே, அந்தக் கிட்டார்லேருந்து."

அந்த மேடையில், இவ்வளவு நல்ல கிட்டாரைச் செய்தவர் இவர்தான் என்று டீச்சர் கைகாட்ட, கூட்டமே திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. அவரும் எழுந்து நின்று எல்லாப் பக்கமும் தலையை ஆட்டினார். பக்கத்து நாற்காலியில் மனைவி உட்கார்ந்துகொண்டு, அவளும் சேர்ந்து கைதட்டினாள்.

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"காது டாக்டர்கிட்ட போவோம்னு சொன்னேன். சோத்துத் தட்டைத் தூக்கிக்கிட்டு மர ரூமுக்குப் போயிட்டீங்க. ஒரு வாரம் என் மூஞ்சியில முழிக்கல."

டீச்சர் வந்தாள். வாசித்துப் பார்த்தாள். முகம் மலர்ந்து, "அக்கா, இந்தத் தடவை எங்கேயோ கொண்டுபோயிட்டீங்க!" என்று சொல்லிவிட்டுத்தான் அறையில் இருந்த முகங்களைக் கவனித்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆக, டீச்சருக்கும் தெரியும். காதுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த கிட்டாரை அவர் தனியாகத்தான் செய்தார். உள் அறைக்குப் பூட்டு வந்தது, சாவி இடுப்புக்குப் போனது. குச்சிகளைச் சீவினார், தட்டினார், எப்போதையும்விட அதிக நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். பெட்டியை மூடி வெளியே கொண்டுவந்து வைத்தபோது மனைவி துளையைப் பார்த்தாள்.

"துளை சின்னதா இருக்கே. என் கை போகாதுங்க."

"போகக் கூடாதுன்னுதான்."

"இதனால குரல் கெட்டுப்போச்சுன்னா?"

"என் கிட்டார் கெட்டுப்போகும். உன் கிட்டார் இல்ல."

அவள் பாலிஷ் போட்டுக் கொடுத்தாள். தம்பி கம்பி மாட்டினான். டீச்சரை அவரே கூப்பிட்டனுப்பினார். அவள் வாசித்தாள். அவர் எதிரே முக்காலியில் உட்கார்ந்து அவள் விரலைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தார், உதட்டோரத்தைப் பார்த்தார். விசாரணைக்கு வந்த போலீஸ்காரன் மாதிரி இருந்தது.

"நல்லா இருக்கு மாஸ்டர்."

மச்சான் பக்கம் திரும்பினார். "சூப்பர் மாமா," என்றான் அவன். மனைவியைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

"நெஜமாவா?"

"நெஜமாத்தாங்க."

அவர் மறுபடி டீச்சரிடம் வந்தார். "அன்னிக்கு மேடையிலயும் நல்லா இருக்குன்னுதானே சொன்ன? அத்தனை பேர் முன்னாடி?"

டீச்சர் கிட்டாரை மடியில் சாய்த்துக்கொண்டாள். கொஞ்சம் தயங்கினாள். "அன்னிக்கும் நல்லாத்தான் இருந்துச்சு மாஸ்டர்," என்றாள்.

காதுக்காரர் எழுந்து கிட்டாரை வாங்கிக்கொண்டார். காதோடு அணைத்து முதல் கம்பியைச் சுண்டினார். இன்னொரு தடவை, அழுத்திச் சுண்டினார். கம்பி அதிருவது விரலுக்குத் தெரிந்தது, காதுக்கு எட்டவில்லை. மூன்று பேரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை.