சவுக்காரம் பூசிய கால்

பொகவந்தலாவையில் மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஆனி மாதத்தில், வெயிலில் கருத்த முகத்தோடு தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பி வந்தவள் லோஜினி ஒருத்திதான். மூக்கு நுனியில் தோல் உரிந்திருந்தது. அவள் போய்வந்ததாகச் சொன்ன இடம், அதே மழை பெய்யும் ஹட்டன். போன காரியம், மூன்று நாள் தங்கிப் படிக்கிற தையல் வகுப்பு.

"ஹட்டன்ல மெசினத் தூக்கி ரோட்டுல போட்டுத்தான் சொல்லிக் குடுக்குறாங்களோ?" என்று கொழுந்து நிறுக்கும் இடத்தில் ராக்காயி கேட்டாள். பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவள். வாய் சும்மா இருக்காது. "எங்களுக்கெல்லாம் துணி காயக்கூட வெயில் இல்ல. உன்ன மட்டும் தேடி வந்து அடிச்சிருக்கே."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். லோஜினியும் சிரித்தாள். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும், எந்த இடத்தில் தலையாட்ட வேண்டும் என்பதை இந்த ஒரு வருசத்தில் அவள் நன்றாகப் பழகியிருந்தாள்.

போன வருசம் தனுஜன் பிறந்தான். நல்ல நிறையுள்ள பிள்ளை. எல்லோரும் கொண்டாடினார்கள். லோஜினி அவனைக் குளிப்பாட்டினாள், பால் கொடுத்தாள், அழுதால் தூக்கினாள். எல்லாம் கை செய்தது. மனசு வேறெங்கோ ஒரு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டது போல இருந்தது. கணவன் திலக்ஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பான். "சாப்பிட்டியா? புள்ள சாப்பிட்டானா?" என்று கேட்பதற்குள் சிக்னல் போய்விடும். போகாவிட்டாலும் அவனிடம் அவள் என்னத்தைச் சொல்வாள்?

கிளினிக்கில் இருந்த நர்ஸ் மிஸ்தான் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஹட்டனில் பெண்களுக்காக வேலை செய்யும் கேஷிகாவிடம் அனுப்பினார். கேஷிகா மருந்து எதுவும் தரவில்லை. "கடலுக்குப் போவோமா?" என்று கேட்டாள். அறுகம்குடாவில் அலைமேல் பலகை போட்டு நிற்கப் பழக்குவார்களாம். சொல்லித் தருவதும் பெண்கள், பழகுவதும் பெண்கள். பிறகு மணலில் வட்டமாக உட்கார்ந்து மனசில் உள்ளதைப் பேசலாம். பேசாமலும் இருக்கலாம். இதையெல்லாம் லயத்து வீடுகளில் எப்படிச் சொல்வது? அதனால்தான் தையல்.

லோஜினி அதுவரை கடலைப் பார்த்ததில்லை. முதல் நாள் காலை, கரைக்குப் போகும் வழியில் புல் கிடந்தது. மழைக்காலத்தில் மலைக்கு ஏறுமுன் அட்டை கடிக்காமலிருக்கச் செய்வதைத்தான் அன்றும் செய்தாள். துணி துவைக்கும் சவுக்காரத்தைப் பாதத்திலும் கணுக்காலிலும் நன்றாகத் தேய்த்துக்கொண்டாள். கரையில் பார்த்தால், சொல்லித்தரும் ஷிபானாவும் பலகையின்மேல் வெள்ளையாக ஒரு கட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இங்கேயும் அட்டை உண்டு போலிருக்கிறது என்று லோஜினிக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

பலகையில் கால் வைத்ததும் விழுந்தாள். மறுபடியும் விழுந்தாள். மற்றப் பெண்கள் முழங்காலிலாவது நின்றார்கள். இவள் மட்டும் தொட்டதும் வழுக்கினாள். ஷிபானா குனிந்து அவள் காலைப் பார்த்தாள். முகர்ந்தாள்.

"இது என்னத்தைப் பூசினீங்க புள்ள?"

"சவுக்காரம். அட்டைக்கு."

ஷிபானா தண்ணீரிலேயே உட்கார்ந்து சிரித்தாள். "நான் பூசினது மெழுகு. வழுக்காம இருக்கிறதுக்கு. உங்களைக் கடிக்கிற அட்டை இங்க வராது. வாங்க, காலைக் கழுவுவோம்."

கழுவிய காலோடு ஏறியபோது ஓர் அலை வந்து பலகையை முன்னால் தள்ளியது. அவள் எழுந்தாள். ஒரு மூச்சு நேரம் நின்றிருப்பாள். அப்போது அடிவயிற்றிலிருந்து பயம் கிளம்பி நெஞ்சு முழுக்க வந்தது. உயிர் போய்விடக் கூடாதே என்கிற பயம். விழுந்து, உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டே அவள் அதைத்தான் ஆச்சரியத்தோடு நினைத்துக்கொண்டிருந்தாள். அன்று வட்டத்தில் எல்லோரும் பேசினார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை.

தோட்டத்துக்கு வந்தபிறகு, சாயங்காலங்களில் மாமியார் மீனம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த லயத்துக்கு டிவியில் நாடகம் பார்க்கப் போகும் நேரத்தில், லோஜினி கதவைச் சாத்துவாள். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கைக் வீட்டின் ஒற்றைக் காம்பராத் தரையில் விரிப்பாள். குப்புறப் படுத்து, நெஞ்சுக்குப் பக்கத்தில் கையை ஊன்றி, ஒரே எழும்பலில் எழும்பி நிற்பாள். காலைப் பார்க்காதீங்க, போற இடத்தைப் பாருங்க என்று ஷிபானா சொல்லியிருந்தாள். போகிற இடம் புகை படிந்த சுவர். அதில் போன வருசத்துக் கலண்டர். கூரைத் தகரத்தில் மழை மட்டும் அலைபோல வந்து வந்து போகும். அந்தப் பயம் ஒருநாளும் வரவில்லை.

ஆடி முடிகிற சமயம் கேஷிகா போன் எடுத்தாள். ஆவணியில் மறுபடி போகிறார்கள். "இந்தக் கிழமைக்குள்ள சொல்லிடுங்க லோஜினி. வர்றீங்கதானே?"

அன்று வேலை முடிந்து வந்தால், காம்பரா நடுவில் ஒரு தையல் மெசின் நின்றது. அவள் படங்கு விரிக்கும் அதே இடத்தில்.

"கடைசி வீட்டுல கேட்டு வாங்கியாந்தேன்," என்றாள் மீனம்மா. கையில் பச்சைத் துணி. "எனக்கு ஒரு சட்டை தைச்சுக் குடு. எல்லாரும் கேக்குறாங்க, மருமக என்ன படிச்சா, என்ன படிச்சான்னு. நானும் போட்டுக் காட்டுறேன்."

இரண்டு நாள் லோஜினி தலைவலி என்றாள். மூன்றாம் நாள் தப்ப முடியவில்லை. மெசின் முன்னால் உட்கார்ந்து, தெரிந்தவள் போல மிதியில் கால் வைத்தாள். மீனம்மா பாய்ந்து வந்து கீழேயிருந்து பிள்ளையைப் பறித்தெடுத்தபோதுதான், தனுஜன் தவழ்ந்து வந்து மிதிக்கடியில் விரலை விட்டிருந்தது லோஜினிக்குத் தெரிந்தது.

"விரலு போயிருந்தா என்ன புள்ள பண்ணியிருப்ப?"

"தெரியல அத்த."

"என்ன தெரியல?"

"எனக்குத் தைக்கத் தெரியாது. நான் ஹட்டனுக்குப் போகல. கடலுக்குப் போனேன்."

மீனம்மா முதலில் கத்தினாள். பொய் சொன்னதற்கு, கடலுக்கு, நனைந்த துணிக்கு, அதை எவன் பார்த்தானோ என்று. எல்லாம் பொம்பளைங்கதான் அத்தை என்று லோஜினி சொன்னாள். பிறகு, மணலில் அத்தனை பேர் நடுவில் வராத பேச்சு, அடுப்புப் புகைக்குள் வந்தது.

"இவனைத் தூக்குனா எனக்கு ஒண்ணும் தோணல அத்த. பொறந்ததுலேர்ந்து. யாரோட புள்ளையோ மாதிரி இருக்கு. இப்பகூட, விரலு போயிருந்தா அழுதிருப்பேனான்னு எனக்குத் தெரியல."

மீனம்மா பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இவளிடமிருந்து காப்பாற்றுவது போலத்தான் இருந்தது. லோஜினி அதையும் பார்த்தாள்.

பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு மீனம்மா கேட்டாள். "அங்க போனா புள்ள மேல ஆசை வந்துருமா?"

"தெரியல. அங்க பயம் வந்துச்சு. ஒரு வருசமா எனக்கு அதுகூட வரல."

"நீ சொல்றது எனக்கு ஒண்ணும் வெளங்கல," என்றாள் மீனம்மா. பிள்ளையைப் பாயில் இறக்கிவிட்டாள். மெசினின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். "அந்தப் பக்கம் புடி. சும்மா வழிய அடைச்சுக்கிட்டு நிக்குது. குடுத்துட்டு வந்துருவோம்."

புறப்பட்ட காலையிலும் மழைதான். வேன் சந்தியில் நின்றது. மீனம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக் குடை பிடித்து அதுவரை வந்தாள். பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ராக்காயி விடவில்லை. "என்ன லோஜினி, அடுத்த வகுப்பா?"

"ஆமா. என் சட்டைக்குக் கை வைக்கப் படிக்கப் போறா," என்றாள் மீனம்மா. "உன் வாயத் தைக்கவும் ஆளு வேணும்ல."

வேன் கதவைச் சாத்துமுன் ஒரு சிறு பொட்டலத்தை உள்ளே நீட்டினாள். பேப்பரில் சுற்றிய சவுக்காரத் துண்டு. "கடலோரமும் புல்லு இருக்கும். பூசிக்க."

லோஜினி எதையும் திருத்தவில்லை. வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

வேன் நகர்ந்தது. கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். தனுஜன் அழவில்லை. இந்தப் பக்கம் பார்க்கவும் இல்லை. பாட்டியின் குடைக் கம்பியில் வழிந்த தண்ணீரை விரலால் தொட்டுக்கொண்டிருந்தான். ஐந்து விரலும் இருந்தன.

அவளுக்குச் சுருக்கென்றது. அவன் ஒருதடவை பார்த்திருக்கலாம் என்று தோன்றியது. வளைவு திரும்பி குடை மறைந்த பிறகும் அந்த வலி போகவில்லை. கையை நெஞ்சில் வைத்தாள். அசைந்தால் போய்விடுமோ என்று பயந்து, நுவரெலியா தாண்டும்வரை யாரோடும் பேசாமல், அதைத் தனியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.