சாம்பிராணி போன வழி

வெள்ளிக்கிழமை வந்தால் செவிலிமேட்டில் கடை கடையாகச் சாம்பிராணி போடுவதுதான் ஷரீஃபாகிய என் தொழில். எல்லாக் கடையும் உள்ளே கூப்பிடும். அந்த நான்கு மாடிக் கம்பெனி மட்டும் என்னை வாசலோடு நிறுத்திவிடும்.

"உள்ள வராதீங்க பாய். வெளியில எவனாவது விஷவாயு அடிச்சாக்கூட உள்ள வராது. காத்த வடிகட்டி அனுப்பற கட்டடம் இது" என்பான் காவலாளி தேவேந்திரன், என்னவோ அவனே கட்டிய மாதிரி. மூன்றாவது மாடியில்தான் என் மகள் நஸ்னீன் வேலை பார்க்கிறாள். அங்கே ஒரு ஜன்னலும் திறக்காது. அவன் பேச்சை நம்பி நிம்மதியாக இருந்தேன்.

இன்று அந்தக் கம்பெனியின் பின்சந்தில் தூபக்காலைத் தரையில் வைத்துவிட்டு டீ குடித்தேன். துளி காற்றில்லை. நேரே மேலே போக வேண்டிய புகை தரையில் படுத்து, ஊர்ந்து, அதன் சுவரில் முழங்கால் உயரத்தில் ஏசிக்குக் காற்றிழுக்கும் கம்பி ஜன்னலுக்குள் போனது. ஒரு இழைகூட வெளியே திரும்பவில்லை.

போன் அடித்தது. நஸ்னீன்.

"அத்தா, எங்க ஃப்ளோர் முழுக்க சாம்பிராணி வாசனை. உள்ள வந்தீங்களா?"

மீதி டீயைக் கரியில் கொட்டி அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். புகை உள்ளே போனதைச் சொன்னதும் தேவேந்திரன் சிரித்தான்.

"ஏசி கூலிங் பத்தலன்னு ஃபில்டர கழட்டி மொட்டமாடில போட்டுட்டாங்க பாய். போன வெள்ளிக்கிழம கூட நீங்க பின்சந்துல புகை விட்டுக்கினு, வாட்ச்ச பார்த்துக்கினு நின்னீங்களே?"

போன வெள்ளிக்கிழமை நானும் நஸ்னீனும் ஆம்பூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தோம். என்னிடம் வாட்ச்சே கிடையாது. அதைச் சொன்னேன்.

"அப்போ அது யாரு?" என்றான். சிரிப்பு போய்விட்டது.

"புகை உள்ள போக எவ்ளோ நேரமாகுதுன்னு எவனோ பாத்திருக்கான். அடுத்து விஷவாயுவ விட்டா? எல்லாரையும் இறக்குப்பா!"

"மேனேஜர கேக்கணும் பாய்" என்று போனைத் தட்டினான். மேனேஜர் எடுக்கவில்லை.

நஸ்னீனை உடனே இறங்கச் சொல்லிவிட்டுப் பின்சந்துக்குப் போனேன். தோள்துண்டை அந்தக் கம்பியில் அடைத்தேன். வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது. அதன்மேல் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தேன். சட்டையையும் பிடித்து இழுத்தது. பயமாக இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

நஸ்னீன் மூச்சிரைக்க வந்து என் கையைப் பிடித்தாள். "வாங்க அத்தா, போயிடலாம்."

"மேல எத்தன பேரும்மா?"

"எழுபது பேர் இருப்பாங்க."

"நீ போம்மா" என்றேன்.