ஆசிரியர் கட்டத்தில் என் கையெழுத்து

எங்கள் வரலாற்றுத் துறையில் எனக்குக் 'கையேடு' என்று பெயர். முதுகலையில் புதிதாகச் சேருகிறவர்கள் முதல் வாரத்தில் என்னிடம்தான் வருவார்கள். நானும் பலகையில் கட்டம் போட்டு விளக்குவேன்: நாலு செமஸ்டர், ஐந்து கட்டாயப் பாடம், ஆறு விருப்பப் பாடம், வேறு துறையில் ஒன்று, கடைசியில் ஆய்வேடு, அதற்குமேல் வாய்மொழித் தேர்வு. மொத்தம் இரண்டு வருடப் படிப்பு. அதை நான் ஆறாவது வருடமாகப் படித்துக்கொண்டிருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அனுபவசாலி என்று நினைத்தார்கள், நானும் மறுக்கவில்லை.

ஒருவழியாக ஆய்வேட்டைக் கொடுத்து வாய்மொழித் தேர்வையும் முடித்தேன். பிசியோதெரபிஸ்டான என் மனைவி, எனக்காக இரண்டு முறை தள்ளிப்போட்ட மாற்றலை இந்த முறை ஒப்புக்கொண்டாள். வேறு ஊர், பெரிய மருத்துவமனை, ஒன்றாம் தேதி சேர வேண்டும். பட்டம் கைக்கு வந்தால் அங்கே ஒரு பள்ளியில் எனக்கும் வேலை தயார். ஜம்பமாகச் சான்றிதழ் வாங்கப் போனேன்.

துறை அலுவலகத்து அக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கம்ப்யூட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, கட்டாயப் பாடம் நாலுதானே இருக்கு. ஆய்வு நெறிமுறை எங்க?"

"அக்கா, அதை மூணு வருஷம் நடத்தினதே நான்தான்!"

"நடத்தினீங்க, சரி. படிச்சீங்களா?"

முதல் செமஸ்டரில் அது காலை எட்டு மணி வகுப்பு. தூக்கம் கெடுமே என்று அடுத்த வருடத்துக்குத் தள்ளினேன். அடுத்த வருடம் பேராசிரியர் நீண்ட விடுப்பில் போக, 'தற்காலிக உதவியாளன்' என்று பெயர் கொடுத்து என்னையே வகுப்பெடுக்க அனுப்பிவிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்து இருந்தது, ஆசிரியர் கட்டத்தில். ஊருக்கெல்லாம் கணக்குச் சொன்ன மேதாவிக்குத் தன் பாடங்களை எண்ணத் தோன்றவில்லை.

அக்கா மனமிரங்கி ஒரு படிவத்தை நீட்டினார். இப்போது அந்தப் பாடத்தை நடத்துபவர், 'இவருக்கு இது தெரியும்' என்று கையெழுத்துப் போட்டால் விலக்கு கிடைக்கும். இல்லாவிட்டால் ஒரு செமஸ்டர் வகுப்பில் உட்கார வேண்டும்.

நடத்துபவள் என் பழைய மாணவி. படிவத்தைப் படிக்கக்கூட இல்லை, போட்டுக் கொடுத்துவிட்டாள். அதோடு கிளம்பியிருக்கலாம். என் வாய் சும்மா இருந்தால்தானே?

"என் குறிப்பை வச்சுத்தானே நடத்தறே?"

அவள் தயங்கினாள். "இல்லண்ணா. ஒரு ஆவணம் உண்மையானதான்னு எப்படிச் சரிபார்க்கறதுன்னே அதுல இல்ல. என் ஆய்வேட்டை அதனாலதான் திருப்பி அனுப்பினாங்க. ஒரு வருஷம் போச்சு."

"அப்பவே சொல்லக்கூடாதா?"

"எப்படிண்ணா சொல்றது? கிளாஸ்ல அவ்வளவு நல்லா சிரிக்க வைப்பீங்க."

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது. அலுவலகம் மூட இன்னும் அரை மணி நேரம் இருந்தது. நான் வீட்டுக்குப் போனேன்.

மனைவி கட்டில் மேல் பெட்டியைத் திறந்துவைத்துத் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"கையெழுத்து கிடைச்சுதுல்ல? அப்புறம் ஏன் கொடுக்கல?"

"அந்த வகுப்புல உட்காரணும். நீ முன்னாடி போ. ஆறு மாசத்துல வந்துடறேன்."

"ஆறு வருஷமா இதையேதான் சொல்றே. இப்ப மட்டும் என்ன புதுசு?"

"எனக்கு அந்தப் பாடம் தெரியாது. அதான் புதுசு."

அவள் பெட்டிப் பக்கம் திரும்பினாள். பெட்டியிலிருந்து என் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் போட்டாள். கடைசிச் சட்டையை மட்டும் மடித்தாள். பிறகு அதைத் தன் துணிகளுக்கு நடுவே திரும்ப வைத்துப் பெட்டியை மூடினாள்.

"அது எதுக்கு?" என்றேன்.

"நீ வருவேன்னு நம்பறதுக்கு எனக்கும் ஏதாவது வேணுமில்ல," என்றாள்.